தெண்டமும் ரசீதும்

குன்னத்தூரிலிருந்து பெருமாநல்லூர் போகிற ரோட்டில் ஒரு காலை நேரத்தில் என்னை நிறுத்தினார்கள். வண்டிக்குப் பின்னால் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் ஓவர்லாக் டெய்லர். பிள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரி தூக்கமில்லை, கம்பெனி வேனை விட்டுவிட்டாள். எட்டரைக்கு லைனில் உட்கார வேண்டும். கால் மணி பிந்தினால் அரை ஷிப்ட் போச்சு. 'வேகமாப் போண்ணா' என்று அவள் சொல்லவில்லை. நானாகத்தான் முறுக்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

40 என்று பலகை நட்ட இடத்தில் 63 என்று கருவி காட்டியது. காவலர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "எந்த ஊருங்க?" என்றார். "குன்னத்தூருங்க." "குன்னத்தூர்ல எங்க?" இந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேகத்தை அளக்கக் கருவி வந்துவிட்டது. தெருவை அளக்க இன்னும் வாய்தான் இருக்கிறது. "அருந்ததியர் காலனிங்க" என்றேன். அதுவரை 'வாங்க, போங்க' என்றிருந்தது, 'வா, போ' என்றானது. அதற்கு மேல் அவர் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஆயிரம் கட்டறயா, எறநூறு குடுத்துட்டுக் கெளம்பறயா? புள்ளைக்கு நேரமாச்சுங்கறயே" என்றார். இரக்கப்பட்டுத்தான் கேட்டார். தங்கச்சி மணியைப் பார்த்தாள். என் செல்லில் ஒரு கட்சிக்காரருடைய எண் இருந்தது. ஆதிக்கச் சாதிக்காரர். எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு மனு கொடுக்கப் போனபோது ஏற்பட்ட பழக்கம். ஒரு போன் போட்டால் அந்த இருநூறும் மிச்சம். "அவரைக் கூப்புடுண்ணா" என்றாள் மெதுவாக.

நான் கூப்பிடவில்லை. இருநூறும் கொடுக்கவில்லை. "சலான் போடுங்க சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எங்களுக்கு முன்னால் நிறுத்தியவர்களையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் மெஷினைக் கையில் எடுத்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. தங்கச்சிக்கு அரை ஷிப்ட் போயிற்று. சாயங்காலம் வந்து அவள் சொன்னது இது: "நீ நேர்மையா நின்னதுக்கு என்ற கூலியில புடிச்சுட்டாங்கண்ணா."

இந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தேடித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா அன்றைக்குச் சொன்னது வேறு. "தெண்டத்தக் கட்டித் தொலைச்சுட்டு வா சாமி." எங்கள் பக்கத்தில் அபராதம் என்று யாரும் சொல்வதில்லை, தெண்டம்தான். தமிழ் படித்தவன் என்பதால் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். தண்டம் என்றால் கோல். கோலால் கிடைப்பது தண்டனை. கோலைப் போலத் தரையில் நெட்டாக விழுவது தெண்டனிடுவது. குற்றத்துக்குக் கட்டுகிற பணமும் தெண்டம். வீணாய்ப் போனதும் தெண்டம். அடி, காலில் விழுதல், பணம், வீண் என்று நான்கும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. மற்றவர்களுக்கு இது அகராதி விஷயமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் இது நடந்த கதை.

எங்கள் அப்பாரு அறுபதுகளில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். அப்போது அவர் இருந்த ஊர் வேறு. ஊர்த்தெருவுக்குள் நம் ஆட்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருநாள் அம்மாயிக்குப் பிரசவ வலி. மருத்துவச்சியைக் கூட்டிவரப் போனவர் இறங்கவில்லை, மிதித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் ஊர்க்கூட்டம். இருபத்தைந்து ரூபாய் தெண்டம். பணத்தை வைத்துவிட்டு விழுந்தும் கும்பிட வேண்டும். வெள்ளாட்டை விற்றுக் கட்டினார், விழுந்தார், எழுந்தார். அந்தப் பணத்துக்கு யாரும் ரசீது கொடுக்கவில்லை. யார் கணக்கில் போயிற்று என்றும் தெரியாது. சாகிற வரைக்கும் அந்தத் தெருவில் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனார்.

யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு வேக வரம்புதான். மனிதனின் நடைக்கு மேல் போகக் கூடாது என்று சாதி போட்ட வரம்பு. நானும் பேரன் என்ற முறையில் வேகத்துக்காகவே பிடிபட்டேன். அவர் வேகமே கூடாது என்று பிடிபட்டவர். நான் 23 கிலோமீட்டர் கூடுதலுக்குப் பிடிபட்டவன். இரண்டும் ஒன்று என்று பேச எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மேடையில் அப்படிப் பேசினால் கைதட்டலும் கிடைக்கும்.

ரோட்டுக்காக நம் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமா? 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி வாங்கிப் பொதுச்சாலையில் ஓட்டிப் போனது, ஓட்டக் கூடாது என்று சொன்ன சாதிகளின் முகத்துக்கு நேராகத்தான். பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் யாருக்கும் தடையில்லை என்று 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ரெட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே 1924இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே போராட்டம் நடந்தது. இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு ஒரு சட்டத்தைக் காட்டுகிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், தலித்துகள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதைக் குற்றம் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகத் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள் என்று புகார் வந்ததைப் படித்தோம்.

ஆகவே நம் பையன்கள் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது அதில் ஒரு விடுதலை இருக்கிறது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தக் காலையில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போலீஸ் நிறுத்துவதற்குச் சற்று முன்னால், ரோட்டோரமாக இருக்கிற ஒரு காலனியைத் தாண்டும்போது, ஒரு பாட்டி ஆட்டுக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டது. பிரேக் அடித்தேன். வண்டி அலைந்தது, தங்கச்சி கத்தினாள். பாட்டி பின்வாங்கி நின்றுகொண்டது. ஒன்றும் ஆகவில்லை. 40இல் போகிற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடும். 63இல் 17 மீட்டருக்கு மேல். பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படுகிற தூரமோ ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இந்தக் கணக்கை அப்புறம்தான் போட்டுப் பார்த்தேன், கை நடுங்கியது.

யார் அந்த ரோட்டில் நடக்கிறவர்கள்? காரில் போகிறவர்கள் நடப்பதில்லை. காடு கழனிக்கும் மில்லுக்கும் போகிறவர்கள், ஆடு ஓட்டுகிறவர்கள், ரேஷன் கடைக்குப் போகிறவர்கள்தான் நடக்கிறார்கள். ஊரைவிட்டுத் தள்ளி ரோட்டோரத்தில் கொண்டுபோய்க் காலனி கட்டிக் கொடுத்தால் யார் ரோட்டைத் தாண்டுவார்கள்? இந்தியாவில் 2022இல் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. நூற்றுக்கு 71 சாவுக்கு வேகமே காரணம் என்றும் சொல்கிறது. செத்தவர்களில் இருசக்கர வண்டியில் போனவர்களும் நடந்து போனவர்களும் சேர்ந்தாலே நூற்றுக்கு 60க்கு மேல். அறிக்கை அவர்களுடைய சாதியைக் கணக்கெடுக்கவில்லை. நடக்கிறவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். என் விடுதலையின் சக்கரத்துக்கு முன்னால் நின்றது என் பாட்டிதான். அப்பாருவின் சைக்கிளையும் என் வண்டியையும் ஒன்றாக்கிப் பேச எனக்கு உரிமை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர் யாரையும் இடிக்கப் போகவில்லை.

நம் இலக்கியத்தில் வேகமாகத் தேரோட்டிய வழக்கு ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று விழுந்து செத்தது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, மனுநீதிச் சோழன் தன் மகன்மேல் தேரை ஏற்றினான். பெரியபுராணத்தில் அமைச்சர்கள் ஒரு வழி சொல்கிறார்கள்: வேதியர் சொன்னபடி பிராயச்சித்தம் செய்துவிடலாம் என்று. அரசன் மறுத்துவிடுகிறான். இந்த மறுப்பு எனக்குப் பிடிக்கும். பெரிய வீட்டுப் பையன் தப்பு செய்தால் அதை முடித்துவைக்க ஒரு வழி எப்போதும் தயாராக இருக்கிறது. அதை அவன் வேண்டாம் என்றான். ஆனால் கதையில் செத்தது பசுவின் கன்று. சேரிப் பிள்ளை செத்திருந்தால் அந்தத் தாய்க்கு மணியின் கயிறு எட்டியிருக்குமா? மணி தொங்கிய வீதிக்குள் அவள் கால் வைத்திருக்க முடியுமா? மனுவின் பேரில் நீதி வழங்கிய அந்த அரசனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. சிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வரும்.

சரி, மூன்று வழிக்கு வருகிறேன். லஞ்சம் கொடுப்பதில் பணம் மிச்சம். ஆனால் அந்த இருநூறை நீட்டும்போது உடம்பு தானாகக் குனிகிறது, குரல் தாழ்கிறது. 'பாத்துச் செய்ங்க சார்' என்று வாய் சொல்கிறது. தெண்டத்துக்குள் இருக்கிற தெண்டனிடுதல் அங்கே உயிரோடு இருக்கிறது. போன் போடுவது இன்னும் மோசம். காசு செலவில்லை, ஆனால் அந்தக் கட்சிக்காரருக்கு நான் கடன்பட்டேன். நாளைக்கு அவருடைய சொந்தக்காரன் நம் பையனை அடித்துவிட்டு நிற்கும்போது, வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி அவர் போன் என் செல்லுக்கு வரும். எந்த வாயால் முடியாது என்பேன்?

'சொல்லி முடித்துக்கொள்வது' யாருக்குக் கைகூடும் என்பதை 2024 மே மாதம் நாடே பார்த்தது. நாங்குநேரி பக்கம் அரசுப் பேருந்தில் ஒரு காவலர் டிக்கெட் எடுக்க மறுத்தார். எடுக்கத்தான் வேண்டும் என்றது போக்குவரத்துத் துறை. அடுத்த நாட்களில் பல ஊர்களில் போக்குவரத்துப் போலீஸ் அரசுப் பேருந்துகளை நிறுத்தி நிறுத்தி அபராதம் போட்டது. பிறகு மேலதிகாரிகள் பேசினார்கள், காவலரும் நடத்துநரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தெண்டம் கோபத்தில் வந்தது, சமாதானத்தில் அடங்கியது. அந்தக் கட்டிப்பிடிப்பு நடக்கிற இடத்தில் காலனிக்காரனுக்கு நாற்காலி கிடையாது. செல்வாக்கால் சட்டம் வளைகிற ஊரில் செல்வாக்கில்லாதவன் பக்கம்தான் அது எப்போதும் வளையும். வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை போடச் சொல்லி ராத்திரி முழுக்க ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தவர்கள் நாம். 'சட்டப்படி செய்யுங்கள்' என்பதைத் தவிர நம் கையில் வேறென்ன இருக்கிறது? அதை என் ஆயிரம் ரூபாய்க்காக நான் விற்க முடியாது.

வழக்கறிஞர் தோழர் ஒருவர் வழக்காடச் சொன்னார். ஒருவர் கண்ணால் பார்த்து 'வேகமாகப் போனான்' என்று சொன்னால் மட்டும் தண்டிக்க முடியாது, கருவியின் அளவு வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 183ஆம் பிரிவு சொல்கிறது. கருவியைச் சரிபார்த்த சான்றிதழைக் கேட்போம் என்றார். போகாத வேகத்துக்குச் சலான் போட்டால், காலனிப் பையன் என்பதற்காகவே நிறுத்தினால், கட்டாயம் வழக்காட வேண்டும். கட்டிவிட்டுப் போவது அங்கே கோழைத்தனம். ஆனால் நான் போனேன். எனக்குத் தெரியும். பாட்டிக்குத் தெரியும்.

அதே பிரிவில் அவர் காட்டிய இன்னொரு இடம்தான் என்னை உலுக்கியது. ஓட்டுகிறவரை மட்டும் அது குற்றவாளி என்று சொல்லவில்லை. தன்னிடம் வேலை செய்கிறவரை வேக வரம்பை மீறி ஓட்ட வைக்கிறவரையும் சொல்கிறது. வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத நேரத்துக்குள் பயணத்தை முடிக்கச் சொல்லிக் கால அட்டவணை வெளியிட்டாலோ உத்தரவு கொடுத்தாலோ, அந்த அட்டவணையும் உத்தரவுமே கொடுத்தவருக்கு எதிரான முதல்நிலைச் சாட்சியாகும் என்கிறது 183(4). நேரம் வைத்தவனும் குற்றவாளி! எனக்கு இது பொருந்தாது, நான் யாருடைய ஓட்டுநரும் இல்லை. ஆனால் விடியற்காலையில் ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு எட்டரைக்குள் திருப்பூர் சேர வேண்டிய கம்பெனி வேன்களின் ஓட்டுநர்களுக்கு? ஷிப்மெண்ட் நாளில் பண்டல் ஏற்றிக்கொண்டு ஓடுகிற பையன்களுக்கு? மெஷின் அவர்கள் பேரில்தான் சலான் அடிக்கிறது. நேரம் வைத்தவர் பேர் அதில் வருவதில்லை.

இந்த இடத்தில் அம்பேத்கருக்கு நேர்ந்ததை நினைத்துக்கொள்கிறேன். 1929 அக்டோபரில் சாலிஸ்கானில் அவர் ரயிலைவிட்டு இறங்கினார். தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்டக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வண்டியை வாடகைக்குத் தருகிறோம், ஓட்ட மாட்டோம் என்று முடிந்தது. ஓட்டிப் பழக்கமில்லாத மகர் ஒருவர் கடிவாளம் பிடித்தார். பாலத்தில் வண்டி கவிழ்ந்தது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கியெறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. வண்டியும் குதிரையும் ஆற்றில் விழுந்தன. அங்கே ஒரு போலீஸ்காரர் இருந்திருந்தால் யார் பேரில் தெண்டம் எழுதியிருப்பார்? கடிவாளம் பிடித்தவர் பேரில்தான். கடிவாளத்தை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றவன் பேர் எந்தச் சலானிலும் வராது. ஆனால் அம்பேத்கர் இதை எழுதும்போது நம் ஆட்களையும் விட்டுவிடவில்லை. என் மரியாதையைப் பார்த்தார்கள், என் பத்திரத்தைப் பார்க்கவில்லை என்ற பொருளில் எழுதுகிறார். மரியாதை, உயிர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார். நான் முறுக்கியபோது இரண்டையும் பார்க்கவில்லை.

தெண்டத்தில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. சொகுசுக் காரில் பறக்கிற முதலாளிக்கும் ஆயிரம், எனக்கும் ஆயிரம். அவருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு, எங்கள் வீட்டில் ஒரு வாரத்து மளிகை. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொகைகளை ஏற்றியபோது இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பின்லாந்தில் 1921 முதலே வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிற முறை இருக்கிறது. 2002இல் நோக்கியா கம்பெனி உயர் அதிகாரி ஒருவருக்கு, 50 போக வேண்டிய இடத்தில் 75இல் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்கு 1,16,000 யூரோ போட்டார்கள். வருமானம் குறைந்துவிட்டது என்று முறையிட்டுப் பிறகு குறைத்துக்கொண்டார், அது வேறு. வலி சமமாக இருக்க வேண்டுமென்றால் தொகை சமமாக இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டமாகியிருக்கிறது. இங்கே அதைக் கேட்க வேண்டும். கேட்பதற்கும் முதலில் நான் கட்டியிருக்க வேண்டும்.

கட்டினேன். ஆயிரம் ரூபாய். ரசீது வந்தது. என் பேர், வண்டி எண், இடம், நேரம், தொகை எல்லாம் அதில் இருந்தது. சாதி இல்லை, தெரு இல்லை. காவலர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. அப்பாருவுக்குக் கிடைக்காதது இதுதான். தெண்டம் கட்டியும் விழாமல் நிற்கலாம் என்று இந்தத் தாள் சொல்கிறது. இதற்குத்தான் நம் முன்னோர் சட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் ரசீது என் குற்றத்தை முடித்துவைத்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போயிற்று. ஆட்டுக்குட்டியோடு நடுங்கி நின்ற பாட்டிக்கு அதில் ஒன்றும் சேரவில்லை. இப்போது அந்தக் காலனியைத் தாண்டும்போது முப்பதுக்கு மேல் போவதில்லை. என்னால் கொடுக்க முடிந்தது அதுதான்.

தங்கச்சிக்கு அரை ஷிப்ட் கூலியைக் கொடுத்தேன். கோபத்தோடு வாங்கிக்கொண்டாள். "இத எனக்குக் குடுக்க வேண்டியது நீயாண்ணா?" என்று கேட்டாள். நான் இல்லைதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அம்மாவுக்குக் கால் மணி நேரம் விட்டுக்கொடுக்காதவர்கள் கொடுக்க வேண்டியது அது. நேர்மையாக இருக்க முடிவெடுத்தவன் நான், விலை கொடுத்தவள் அவள். அவளிடம் கேட்காமலேயே நான் எடுத்த முடிவு அது. இயக்கத்தில் இருக்கிற ஆண்கள் பலபேர் இப்படித்தான் வீட்டுப் பெண்களின் கணக்கில் கொள்கையை நடத்துகிறோம். இதற்கு 183ஆம் பிரிவில் இடமில்லை.

அடுத்த வாரம் அவளும் அவள் லைனில் இருக்கிற நாலு பெண்களும் சூப்பர்வைசரிடம் போய்க் காலையில் பத்து நிமிஷம் சலுகை கேட்டார்கள். முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். இன்னும் பதில் வரவில்லை. அவர்கள் வேன் ஓட்டுகிற தம்பி, எத்தனை மணிக்குக் கிளம்பச் சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சேரச் சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்திருக்கிறான். இதைப் படிக்கிற வழக்கறிஞர் தோழர்களைக் கேட்கிறேன்: ஓட்டினவனை விட்டுவிட்டு நேரம் வைத்தவனைக் கூண்டில் ஏற்ற அந்த நோட்டு போதுமா? போதாதென்றால் இன்னும் என்னென்ன எழுதிவைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவன் எழுதுவான்.